காது கேட்கும் கேள்வி, மூக்கு சொல்லும் பாதி பதில்

அடிக்கடி காது வலி என்று அழைத்துவரப்படும் ஐந்து வயதுக் குழந்தையின் மருந்துச் சீட்டில் பல சமயம் மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி ஆன்டிபயாடிக் சிரப். இரண்டாவது, வலிக்கும் காய்ச்சலுக்குமான பாரசிட்டமால். மூன்றாவது, லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்ட்டும் சேர்ந்த இன்னொரு சிரப். முதல் இரண்டும் எல்லா வீட்டு அலமாரியிலும் இருப்பவை என்பதால் பெற்றோர் எதுவும் கேட்பதில்லை. மூன்றாவதைக் காட்டி, “இது எதுக்கு டாக்டர்?” என்றால், “கொஞ்சம் அலர்ஜி இருக்கு” என்று பதில் வரும். காது வலிக்கு வந்த பிள்ளைக்கு அலர்ஜி எங்கே இருக்கிறது, மூக்கிலா, காதிலா, ரத்தத்திலா என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்துவிடுவார். அந்த மூன்றாவது வரிக்குள் ஒரு மருத்துவக் கொள்கை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் காதுக் கோளாறுக்குப் பின்னால் ஒவ்வாமை இருக்கிறது, அதை அடக்கினால் காதும் சரியாகிவிடும் என்பது அந்தக் கொள்கை. அதன் முதல் பாதியில் உண்மை உண்டு, ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல. இரண்டாவது பாதி, அதிலும் இத்தகைய மருந்துகளால் காது சரியாகும் என்ற நம்பிக்கை, முறையாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் தேறவில்லை. அப்படியானால் அலர்ஜியை மறந்துவிடலாமா? கூடாது என்பதுதான் என் வாதம். மூக்கைக் கவனிக்க வேண்டும். ஆனால் காதுக்காக அல்ல, மூக்குக்காகவே.

இதற்கு முதலில் ‘காதுப் பிரச்சினை’ என்ற பொதுச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரே பெயரில் நாம் சொல்லும் இந்தத் தொல்லைக்குள் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கின்றன. சளி பிடித்த சில நாளில், நள்ளிரவில், காய்ச்சலோடு காதைப் பிடித்துக்கொண்டு குழந்தை வீறிட்டு அழுதால் அது நடுச்செவியில் கிருமி தொற்றிச் சீழ் கட்டுவது. நியூமோகாக்கஸ், ஹீமோபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன. இரண்டாவது வகையில் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீரோ பசைபோன்ற சளியோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். பிரிட்டனில் இதைப் ‘பசைக் காது’ என்றே சொல்கிறார்கள். பொருத்தமான பெயர். இந்தப் பிள்ளை அழுவதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டும், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, பள்ளியில் ‘கவனிக்கவே மாட்டான்’ என்று பெயர் வாங்கும். செவித்திறன் குறைவு சராசரியாக 25 டெசிபலை ஒட்டி இருக்கும். இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு வாய்ப்பாடு கற்கச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. மூன்றாவது, செவிப்பறையில் ஓட்டை விழுந்து நாள்கணக்கில் சீழ் வடிவது. வெளிக்காதில் வரும் அரிப்பையும் தோல் உரிவதையும் இங்கே விட்டுவிடுகிறேன். அது சருமத்தின் கணக்கு. காதுக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு என்று ஆய்வுகள் பேசும்போது பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் பேசுகின்றன. மருந்துச் சீட்டோ மூன்றுக்கும் அதே வரியை எழுதுகிறது.

நடுச்செவி காதைச் சேர்ந்தது என்பது பள்ளிப் புத்தகப் படம் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். உடலின் கட்டுமானத்தைப் பார்த்தால் அது மூக்கின் பின்கட்டு. செவிப்பறைக்கு உட்புறம், மூன்று சிற்றெலும்புகள் இருக்கும் அந்தச் சின்ன அறைக்குக் காற்று வர ஒரே வழிதான் உண்டு: மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் வாய் திறக்கும் ஒரு குழாய். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பார்த்தொலொமேயோ யூஸ்டாக்கியின் பெயரில் அது யூஸ்டேஷியன் குழாய் என்று வழங்குகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைத்துக்கொண்ட காது, எச்சில் விழுங்கியதும் பட்டென்று திறக்கிறதே, அது இந்தக் குழாயின் வேலை. வளர்ந்தவருக்கு இது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம். 45 டிகிரி சாய்வில் இறங்கும். கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதி. சாய்வு 10 டிகிரிதான், கிட்டத்தட்ட படுக்கைவாட்டம். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுக்கையில் கணநேரம் திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். மூக்கில் உள்ள அதே சளிச்சவ்வுதான் குழாய்க்குள்ளும் நடுச்செவிக்குள்ளும் தொடர்ந்து செல்கிறது. தூசி பட்டு மூக்கின் சவ்வு வீங்கினால் குழாயின் வாயும் நெருங்கிப்போகும். அறைக்குள் அடைபட்ட காற்றைச் சவ்வே மெல்ல உறிஞ்சிவிடும். அழுத்தம் குறைந்து செவிப்பறை உட்பக்கம் இழுபடும். நீர் கசிந்து தேங்கும். ஒவ்வாமைக்காரர்களின் வாதத்துக்கு அடித்தளம் இந்தச் சங்கிலி. வயது ஏறக் குழாயும் நீண்டு சரிவதால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொல்லை தானாக விலகிவிடுகிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. மருத்துவத்தில் கேட்க நன்றாக இருக்கும் விளக்கங்களைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். ‘அலர்ஜி’ என்ற சொல்லை வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906ல் உருவாக்கினார். கால் நூற்றாண்டு கழிந்ததும், 1931ல், அமெரிக்க மருத்துவர் ஆர்தர் பிரோட்ஸ் நடுச்செவியின் அலர்ஜியைப் பற்றி எழுதிவிட்டார். சோதித்துப் பார்க்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1980களில் பிட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கில் மகரந்தத்தையும் தூசிப்பூச்சிச் சத்தையும் செலுத்திவிட்டுக் குழாய் திறக்கிறதா என்று அளந்தார்கள். மூக்கில் அலர்ஜியைத் தூண்டியதும் குழாய் அடைத்துக்கொண்டது. சங்கிலியின் முதல் கண்ணி நிரூபணமானது. ஆனால் அடைத்த குழாய் பிறகு திறந்தும்விட்டது, நடுச்செவியில் நீர் கோர்க்கவில்லை. இரண்டாவது கண்ணி அந்தரத்தில் நின்றது. 2000களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த நடுச்செவி நீரையும் மூக்கின் பின்புறத்துத் திசுவையும் ஆராய்ந்தபோது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் மாதிரிகளில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்களும் இன்டர்லூகின் 4 என்ற தூதுப்பொருளும் கூடுதலாகத் தென்பட்டன. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயில் பார்க்கும் அதே கூட்டம் காதிலும் இருந்தது. ஆகவே, ஒவ்வாமை காது வரை போகிறது என்பதை மறுக்க முடியாது. காதை நோயாக்குவது அதுதானா என்பது வேறு கேள்வி.

எத்தனை பிள்ளைகளுக்கு என்று கேட்டால் எண்கள் தடுமாறுகின்றன. 2001ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, நாள்பட்ட பசைக் காதுள்ள 209 பிள்ளைகளில் 89 சதவீதத்தினருக்கு மூக்கு ஒவ்வாமை இருப்பதாகச் சொன்னது. இந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘பத்துக்கு ஒன்பது’ என்று முழங்கும் விளம்பரங்களை எளிதாகக் கற்பனை செய்யலாம். ஆனால் வேறு ஆய்வுகளில் இதே விகிதம் கால்வாசிக்கும் கீழே நிற்கிறது. ஒரே நோய்க்கு இத்தனை வேறுபாடு வருகிறதென்றால், அளந்தவர்கள் வெவ்வேறு பொருளை அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் போதும், ஒவ்வாமைதான் என்று எண்ணினால் எண்ணிக்கை ஏறும். மூக்கு ஒழுகாத நான்கு வயதுப் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? தோல் குத்துச் சோதனையில் ஒவ்வாமை உறுதியானவர்களை மட்டும் எண்ணினால் இறங்கும். யார் யார் ஆய்வுக்கு வந்தார்கள் என்பதும் முக்கியம்: சிறப்பு மருத்துவரைத் தேடி வந்த பிள்ளைகளையும் தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இந்தக் குழப்பத்தில் கொஞ்சம் வெளிச்சம் தந்தது 2016ல் அமெரிக்காவின் தேசிய வெளிநோயாளிப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு. அது செய்த நல்ல காரியம், வயதைப் பிரித்துப் பார்த்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், மூக்கு ஒவ்வாமை இருந்தால் நடுச்செவியில் நீர் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் அப்படிப்பட்ட தொடர்பு தென்படவில்லை. இது உடலியலோடும் பொருந்துகிறது. தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றுக்கு உடல் பகை கொள்ளச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஒன்றரை வயதுக் குழந்தையின் காது வலிக்குத் தூசி அலர்ஜியைக் காரணம் சொல்வது, இன்னும் குடிவராதவர் மேல் வாடகைப் பாக்கி கேட்பதைப் போன்றது.

ஒவ்வாமை வாதத்துக்கு எதிரான மிக வலுவான சாட்சியை எந்த ஆய்வுக்கூடமும் தரவில்லை, கொரோனா ஊரடங்கு தந்தது. இத்தாலியின் மிலானில் ஒரு மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் கணக்கு இது: 2019 மே, ஜூன் மாதங்களில் 40 சதவீதத்தினருக்கு நடுச்செவியில் நீர் இருந்தது, ஊரடங்குக்குப் பிறகு, 2020 மே, ஜூனில், அது 2 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். அந்த மாதங்களில் பிள்ளைகள் முன்னைவிட அதிக நேரம் வீட்டுக்குள் கிடந்தார்கள். மெத்தையும் தலையணையும் கம்பளமும் அங்கேதான் இருந்தன. தூசிப்பூச்சியும் அங்கேதான் இருந்தது. வீட்டுத் தூசி ஒவ்வாமைதான் மூலகாரணம் என்றால் காதுத் தொல்லை கூடியிருக்க வேண்டும். அது மறைந்தே போயிற்று, ஏனென்றால் பள்ளியும் காப்பகமும் மூடியிருந்தன, ஒரு பிள்ளையின் சளி இன்னொரு பிள்ளைக்குப் போக வழியில்லை. குளிர்நாடுகளின் நாட்காட்டியும் இதையே சொல்கிறது: மகரந்தம் பறப்பது வசந்தத்திலும் கோடையிலும், காதில் நீர் கோர்ப்பது குளிர்காலத்தில். இதற்கெல்லாம் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் காது கெடுவதற்குப் பெருங்காரணம் சளி வைரஸ்தான். ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போவோம்.

அப்படியானால் ஒவ்வாமைக்கு இதில் என்ன பங்கு? வைரஸ் வந்த எல்லாப் பிள்ளைக்கும் காதில் நீர் தேங்குவதில்லை. தேங்கிய பலருக்கும் மூன்று மாதத்துக்குள் வற்றிவிடுகிறது. சிலருக்கு மட்டும் ஏன் வற்றுவதில்லை என்பதுதான் ஒவ்வாமை பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஒவ்வாமை மூக்கில், தும்மல் இல்லாத நாளிலும்கூட, சிறிதளவு அழற்சி தங்கியிருக்கிறது என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். அந்த அழற்சியோடு சவ்வின் மேல் ஐ-கேம் 1 என்ற ஒரு புரதமும் மிகுந்து நிற்கிறது. சாதாரண சளியைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அதே புரதம்தான். ஆகவே ஒவ்வாமைப் பிள்ளையின் மூக்கு, சளி வருவதற்கு முன்பே பாதி வீங்கியிருக்கிறது. சளி போன பிறகும் முழுதாக வடிவதில்லை. அடுத்த சளிக்கும் இந்தச் சளிக்கும் இடையே குழாய் திறந்து மூச்சுவிட வேண்டிய இரண்டு மூன்று வாரங்கள் அதற்குக் கிடைப்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியம் நான் சான்றுகளைக் கோத்துப் பார்த்துச் சொல்வது. இதை நேரடியாகக் காட்டிய ஆய்வு என்று ஒன்றைச் சுட்டவில்லை. ஆனால் பிட்ஸ்பர்க்கில் ஏன் நீர் கோர்க்கவில்லை, மாண்ட்ரியலில் ஏன் ஈசினோபில் இருந்தது, மிலானில் ஏன் எல்லாம் வற்றியது, ஆறு வயதுக்கு மேல் ஏன் தொடர்பு தெரிகிறது என்ற நான்கு கேள்விக்கும் ஒருசேரப் பொருந்தும் விளக்கம் வேறு எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை தூண்டினால் அடைப்பு மட்டும். வைரஸ் இல்லையென்றால் ஒவ்வாமை இருந்தும் காதுக்குப் பெரிய கேடில்லை. இரண்டும் சேர்ந்தால் காது தேறுவதற்கு நாளாகும்.

இனி மருந்துக்கு வருவோம். காரணத்தில் பங்கு இருந்தால் சிகிச்சையிலும் பலன் இருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அலர்ஜி மருந்துகளையும் மூக்கடைப்பு மருந்துகளையும் பசைக் காதுக்குக் கொடுத்துப் பார்த்த 16 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பு 2006லும் மறுபடி 2011லும் ஒன்றாக்கிப் பார்த்தது. காதுக்குப் பலன் ஏதும் இல்லை. பக்கவிளைவு மட்டும், ஒன்பது பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு என்ற கணக்கில் வந்தது. சரி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே? 2009ல் பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையிலான 217 பிள்ளைகளிடம் மொமெட்டசோன் ஸ்ப்ரேயையும் வெற்று ஸ்ப்ரேயையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. வாய்வழி ஸ்டீராய்டு? 2018ல் 389 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். ஐந்து வாரத்தில் காது நன்றாகக் கேட்டவர்கள் மருந்து எடுத்தவர்களில் 40 சதவீதம், எடுக்காதவர்களில் 33 சதவீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். அந்த 33 சதவீதத்தையும் கவனியுங்கள்: எதுவும் செய்யாமலே மூன்றில் ஒரு பங்கு தேறிவிட்டது. காது மருத்துவத்தில் புகழ்பெற்ற பல சிகிச்சைகளின் புகழ் இந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்து வந்ததுதான். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், பசைக் காதுக்காக இந்த மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது.

ஒவ்வாமை நிபுணர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஒவ்வாமை இருக்கிறதா என்று சலித்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் அல்ல. காதில் நீர் உள்ள எல்லாரும். நூறு பேரில் இருபது பேருக்கு மட்டும் பொருந்தும் மருந்தை நூறு பேருக்கும் கொடுத்து, சராசரியைக் காட்டி ‘பலன் இல்லை’ என்றால் அந்த இருபது பேரின் பலன் எண்பது பேருக்குள் கரைந்துபோகாதா என்கிறார்கள். தர்க்கம் சரி. அந்த இருபது பேரை மட்டும் தனியே வைத்துச் செய்த நல்ல ஆய்வைக் காட்டுங்கள் என்றால்தான் கை தடுமாறுகிறது. அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்காவின் டேவிட் ஹர்ஸ்ட் 2008ல் வெளியிட்டது. நாள்பட்ட காது நோயுள்ள 89 பேருக்கு ஒவ்வாமைக்கான ஊசி சிகிச்சை தந்ததில் 85 சதவீதத்தினர் முழுமையாகக் குணமானார்கள் என்றது. மலைக்க வைக்கும் எண். ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள், அந்தச் சிகிச்சை வேண்டாம் என்று தாமே மறுத்தவர்கள்; சீட்டுக் குலுக்கிப் பிரித்தவர்கள் அல்ல. மறுத்தவர்கள் வேறு விதங்களிலும் வேறுபட்டிருக்கலாம். காலம் கடந்தாலே குணமாகும் ஒரு நோயில், ஆண்டுக்கணக்கில் தரப்படும் சிகிச்சை தன் கணக்கில் எதை எழுதிக்கொள்கிறது என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எனவே அந்த மறுப்பை நான் நியாயமான சந்தேகம் என்று ஏற்கிறேன், நிரூபணம் என்று ஏற்கவில்லை. நியாயமான சந்தேகத்தை வைத்து ஆய்வு தொடங்கலாம். ஊருக்கெல்லாம் சிரப் எழுதக் கூடாது.

சிரப் எழுதுவதால் என்ன நஷ்டம், கூடுதலாகக் கொஞ்சம் தூங்கும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மான்டெலுகாஸ்ட் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம், அரிதாகத் தற்கொலை எண்ணம் வரை பதிவானதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்துகள் பயன்படாதபோது மட்டுமே கொடுங்கள் என்றும் சொன்னது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி சிரப்புகளை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்தது. போன சளிக்கு வாங்கிய பாட்டிலை இந்தச் சளிக்கும் எடுத்து ஊற்றும் வீடுகளுக்கு அந்த அறிவிப்பு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. இதைவிடப் பெரிய நஷ்டம் காலம். ‘அலர்ஜிக்கு மருந்து போய்க்கொண்டிருக்கிறது’ என்ற நிம்மதியில் காது கேட்கிறதா என்று யாரும் சோதிக்காமல் ஒரு கல்வியாண்டு கழிந்துவிடும்.

பாலின் கதையையும் இங்கே தொட வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் தூசியைவிடப் பால்தான் அதிகம் குற்றம் சாட்டப்படுகிறது. “பால் சளி, தயிர் குளிர்ச்சி, வாழைப்பழம் வேண்டவே வேண்டாம்.” இதற்கு மேல்நாட்டு ஆதாரமும் இருப்பதாகச் சுட்டப்படுவது 1994ல் வாஷிங்டனில் செய்த ஓர் ஆய்வு. காதுத் தொல்லை உள்ள 104 பிள்ளைகளில் 81 பேருக்கு உணவு ஒவ்வாமை இருப்பதாகக் கண்டு, அந்த உணவுகளை நிறுத்தியதும் 70 பேருக்குக் காது தேறியது, திரும்பக் கொடுத்ததும் அவர்களில் 66 பேருக்கு மீண்டும் வந்தது என்றார்கள். ஆனால் உணவை நிறுத்தாத ஒரு குழு அதில் இல்லை. என்ன கொடுக்கப்படுகிறது என்பதும் யாருக்கும் மறைக்கப்படவில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் மெய்யாகவே பசும்பால் ஒவ்வாமை கண்டவர்களுக்குப் பின்னாளில் காதுத் தொல்லை சற்று அதிகம் என்று பின்லாந்திலிருந்து ஒரு தகவல் உண்டு. அதற்குமேல் போக ஆதாரம் போதாது. மெய்யான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு என்று உரத்த குரலில் தன்னைச் சொல்லிவிடும். காதை மட்டும் தேர்ந்தெடுத்து ஒளிந்திருக்காது. ஆயிரக்கணக்கில் செலவழித்து நூறு உணவுகளுக்கு ‘ஐஜிஜி’ ரத்தப் பரிசோதனை எடுத்துவந்து, அரிசியையும் பாலையும் முட்டையையும் ஒருசேர நிறுத்துபவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அந்தப் பரிசோதனை, உடலுக்கு அந்த உணவு பழக்கம் என்பதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அதைத் தள்ளிவிட்டன. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து புரதத்தைப் பிடுங்குவதற்கு அது போதிய காரணமல்ல.

தூசிப்பூச்சி விஷயத்திலும் சொல்வது எளிது, செய்வது கடினம். ஈரப்பதம் மிகுந்த நம் கடலோர ஊர்களில், வெயில் காணாத இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் அதற்கு உகந்த குடியிருப்பு. ஆனால் பூச்சி புகாத உறை போட்டால் போதும் என்று நம்பியவர்களை 2003ல் வந்த பெரிய ஆய்வு ஏமாற்றியது. உறைக்குள் பூச்சிச் சத்து குறைந்தது; மூக்கு நோயாளிகளின் தொல்லை குறையவில்லை. ஐயமே இல்லாத இடம் புகை. வீட்டில் யாராவது புகை பிடித்தால் குழந்தைக்குக் காது நோய் கூடும் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. மூடிய அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவர்த்தியையும், குளிப்பாட்டிய கைக்குழந்தையைத் தலை உலர்த்தக் காட்டும் சாம்பிராணியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மூக்கின் சவ்வுக்குப் பக்தி தெரியாது. எண்ணெய்க் குளியலன்று காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதி ‘நீரை எடுப்பதும்’ அப்படித்தான். செவிப்பறை முழுதாக இருந்தால் காதில் விட்ட எண்ணெய் நடுச்செவிக்குப் போகவே போகாது. ஓட்டை இருந்தால் கட்டாயம் போகும், போகக் கூடாத இடத்துக்கு. தாய்ப்பாலும், பாட்டிலை வாயில் வைத்தபடி படுக்கவிடாத பழக்கமும், 2021 முதல் நாடு முழுவதும் இலவசமாகப் போடப்படும் நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் தரும் காப்பு, எந்த அலர்ஜி சிரப்பும் தராத காப்பு.

அப்படியென்றால் மூக்கை ஏன் பார்க்க வேண்டும் என்கிறேன்? மூக்கு ஒவ்வாமை தன்னளவிலேயே சிகிச்சை கேட்கும் நோய் என்பதால். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குவது, காலையில் அடுக்குத் தும்மல், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழுந்த குறுக்குக் கோடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், குடும்பத்தில் ஆஸ்துமாவோ கரப்பானோ: இவை ஆறேழு வயதுப் பிள்ளையிடம் சேர்ந்திருந்து, காதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நீர் நின்றால், அந்த மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தயங்காமல் முறையாகக் கொடுக்கலாம். ஸ்ப்ரேயின் முனையை நடுச்சுவரை நோக்கி அடிக்காமல் வெளிப்பக்கம், அதாவது அந்தப் பக்கத்துக் கண்ணை நோக்கி, அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் எழுதிக்கொடுத்த ஸ்ப்ரே பாதி வீண். அதனால் தூக்கமும் மூச்சும் சீராகும். அந்தப் பலனுக்கு நல்ல சான்று உண்டு. காதும் தேறினால் லாபம். தேறாவிட்டால் காதுக்கான வழியில் காதைப் பார்க்க வேண்டும்: செவித்திறன் பரிசோதனை, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி, தேவைப்பட்டால் மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை நீக்கம், செவிப்பறையில் க்ரோமெட் என்ற சிறு குழாய். மூக்குத் துளையால் பலூன் ஊதவைக்கும் சாதாரணப் பயிற்சியை 2015ல் 320 பிரிட்டிஷ் பிள்ளைகளிடம் சோதித்தபோது, மூன்று மாதத்தில் நடுச்செவி சீரானவர்கள் ஊதியவர்களில் ஏறத்தாழ 50 சதவீதம், ஊதாதவர்களில் 38 சதவீதம். பெரிய வெற்றியல்ல; ஆனால் சிரப்புக்குக் கிடைக்காத வெற்றி. இதற்கிடையில் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரவைப்பதற்கு எந்த மருத்துவரின் சீட்டும் வேண்டாம்.

இத்தனையும் நகரத்து வசதிக்காரர் கவலை, நம் நாட்டின் காது நோய் வேறு என்ற மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் நியாயம் உண்டு. 2004ல் உலக சுகாதார நிறுவனம், சீழ் வடியும் காது நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில், நூற்றுக்கு நான்குக்கும் மேல் என்ற நிலையில், இந்தியாவை வைத்தது. அந்தக் காதுக்கு வேண்டியது அலர்ஜி விவாதமல்ல. காதைத் துடைத்து உலரவைப்பது, சொட்டு மருந்து, ஓட்டையை அடைக்கும் அறுவை, ஓலைக்கூரை வீட்டில் விறகடுப்புப் புகை குறைவது. ஆனால் சீழ்க் காதும் ஒருநாளில் வந்ததில்லை. கவனிக்காமல் விட்ட நடுச்செவி நீரும் தேறாத தொற்றும் அதற்கு முந்தைய படிகள், அந்தப் படிகளில் மூக்கு நிற்கிறது. பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் போய்ச் சோதிக்க 2013ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் தொடக்கத்தில் 30 குறைபாடுகள் இருந்தன. நடுச்செவி அழற்சி அதில் ஒன்று. மூச்சிரைப்பு நோய் இன்னொன்று. செவித்திறன் குறைவும் பேச்சுத் தாமதமும் தனித்தனியே உண்டு. நடமாடும் குழுவின் மருத்துவர் டார்ச் அடித்துக் காதைப் பார்க்கிறார், ஸ்டெத்தை வைத்து நெஞ்சைக் கேட்கிறார். இந்த இரண்டு உறுப்புகளுக்கும் நடுவில் இருக்கும் மூக்கின் ஒவ்வாமைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.